உருவமும் உடைப்பும்: பிரித்தானியக் கலையின் நடுவே ஒரு சமய வினா

பிரித்தானியத் தீவின் கலை வரலாறு பெரும்பாலும் பாணிகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. குகைச் சுவர்க் கீறல்கள், கெல்டியரின் சுருள் கோலங்கள், இடைக்காலத் தேவாலயச் சிற்பங்கள், அரசவை உருவப்படங்கள், நிலக்காட்சி ஓவியங்கள், நவீனக் கலை என ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பெயர் சூட்டப்பட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று இயல்பாகக் கிளைத்ததுபோல் காட்டப்படுகிறது. ஆனால் இவ்வரிசையின் நடுவே, ஏறக்குறைய 1530களிலிருந்து 1640கள் வரை, ஒரு பெரும் முறிவு இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து தேவாலயங்களில் இருந்த திருவுருவங்களில் மிகப் பெரும்பாலானவை உடைக்கப்பட்டன, எரிக்கப்பட்டன, அல்லது சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டன. அதைச் செய்தவர்கள் படையெடுத்து வந்த அயலார் அல்லர், அவ்வுருவங்களுக்கு விளக்கேற்றியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. ரசனை மாற்றத்தால் மட்டும் இத்தகைய அழிவை விளக்கிவிட முடியாது. அதன் வேரில் ஒரு சமய வினா கிடக்கிறது: புலன்களுக்கு அப்பாற்பட்ட இறைமையை மனிதக் கை செய்த உருவம் ஏந்த இயலுமா, இயலுமெனில் எவ்வகையில்?

இவ்வினாவுக்குக் கிறித்தவ உலகில் இரண்டு விடைகள் தொடக்கம் முதலே நிலவின. உருவம் ஒரு குறி, அது தன்னைக் கடந்த ஒன்றைச் சுட்டிக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. உருவம் ஒரு சந்நிதி, சுட்டப்படும் பொருள் ஏதோ ஒருவகையில் அங்கே எழுந்தருளியிருக்கிறது என்பது மற்றொன்று. உருவத்தை வணங்கியவரும் உடைத்தவரும் எதிரெதிர் நின்றவர்கள் என்றே பொதுவாகக் கருதப்பட்டாலும், இருவருமே உருவத்துக்கு ஆற்றல் உண்டு என்று நம்பியவர்கள். அந்த நம்பிக்கைக்கு உண்மையான மறுதலை, உருவத்தை அழகிய பொருளாக மட்டும் பார்த்துச் செல்லும் மூன்றாவது மனநிலையாகும். அந்த மனநிலையே இன்று கலை என்னும் பெயரால் வழங்குகிறது என்பதும், அது பெருமளவுக்கு மேற்கூறிய சண்டையின் விளைவாகவே பிரித்தானியாவில் வேரூன்றியது என்பதும் இங்கு ஆராயத்தக்கவை.

எழுத்துக்கு முந்தைய காலத்தின் நம்பிக்கைகளை அறிய நூல்கள் இல்லை. செயல்களின் தடயங்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. டார்பிஷயர், நாட்டிங்காம்ஷயர் எல்லையிலுள்ள கிரெஸ்வெல் பாறைக் குகைகளில் 2003ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட கலைமான் முதலிய விலங்குக் கீறல்கள் 12,800 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. ஆக்ஸ்ஃபர்டுஷயரில் அஃபிங்டன் குன்றின் சரிவில் ஏறத்தாழ 110 மீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்டுள்ள வெள்ளைக் குதிரை, சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன், புல்தரையை அகழ்ந்து அந்தப் பள்ளங்களில் வெண்சுண்ணக் கல்லை இடித்து நிரப்பி உருவாக்கப்பட்டது. சில பத்தாண்டுகள் கவனியாமல் விட்டால் புல் மூடிவிடும் என்பதால், அதை உருவாக்கியவர்களின் சமயம் மறைந்த பின்னும் தலைமுறை தலைமுறையாக மக்கள் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து வந்திருக்கின்றனர். லண்டனில் தேம்ஸ் ஆற்றிலிருந்து 1857இல் எடுக்கப்பட்ட பாட்டர்சீ கேடயமோ, போரில் தாங்காத அளவுக்கு மெல்லிய வெண்கலத் தகடுகளால் ஆனது. சிவப்புக் கண்ணாடிப் பதிப்புகளோடு மிக நுட்பமாகச் செய்யப்பட்ட அது, நீர்த் தெய்வத்துக்குக் காணிக்கையாக ஆற்றில் இடப்பட்டிருக்க வேண்டும் என்பது தொல்லியலாரின் பொதுவான கருத்து. ஒன்று ஓயாத பராமரிப்பால் வாழ்கிறது, மற்றொன்று கண்ணிலிருந்து மறைக்கப்படுவதால் தன் பயனை எய்துகிறது. இரண்டிலும் உருவத்தின் பொருள் அதைச் சுற்றி நிகழும் செயலில் இருக்கிறது. நின்று பார்ப்பவர் ஒருவர் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இரண்டிலும் இல்லை.

ரோமானியர் ஆட்சியின் பிற்பகுதியில் கிறித்தவம் இத்தீவை அடைந்தபோது, குறிக்கும் சந்நிதிக்கும் இடையிலான எல்லை இன்னும் வகுக்கப்படவில்லை. டார்செட் மாவட்டத்து ஹின்டன் செயின்ட் மேரி என்னும் ஊரில் 1963இல் வெளிப்பட்ட நான்காம் நூற்றாண்டு மொசைக் தளத்தின் மையத்தில் ஓர் இளைஞனின் முகமும், அதன் பின்னே கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கிரேக்க முதலெழுத்துகளின் பிணைப்பும் உள்ளன. அது கிறிஸ்துவின் முகமே என்று பெரும்பாலான அறிஞர் கொள்கின்றனர். அதே தளத்தின் மற்றொரு பகுதியில், சிறகுள்ள குதிரைமீது ஏறி அரக்க விலங்கைக் கொல்லும் கிரேக்கப் புராண வீரன் பெல்லரோபோன் இடம்பெற்றுள்ளான். இறைவனின் முகத்தைக் காலடியில் வைக்கத் தயங்காத அந்த வீட்டு உரிமையாளரின் மனநிலை விரைவில் அரிதாகியது. சிலுவைக் குறியைத் தரையில் பதிக்கலாகாது என்று பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் 427இல் சட்டம் இயற்றினார். மிதிக்கக் கூடாதது என்ற உணர்வு தோன்றும்போதே குறி சந்நிதியை நோக்கி நகரத் தொடங்கிவிடுகிறது.

597ஆம் ஆண்டு, ரோமிலிருந்து வந்த அகஸ்டீன் கென்ட் நாட்டு அரசர் எத்தல்பெர்ட்டின் முன் சென்றபோது, வெள்ளிச் சிலுவையொன்றும் பலகையில் தீட்டிய கிறிஸ்துவின் உருவமும் ஏந்திச் செல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் பீட் பதிவு செய்கிறார். அகஸ்டீனை அனுப்பிய போப் கிரகோரி, 601இல் எழுதிய மடலில், ஆங்கிலேயரின் பழைய கோயில்களை இடிக்க வேண்டாம், உள்ளிருக்கும் தெய்வ உருவங்களை மட்டும் அழித்துவிட்டுப் புனித நீர் தெளித்துப் பயன்படுத்தலாம் என்று அறிவுறுத்தினார். ஆனால் ஓராண்டுக்கு முன்னர், மக்கள் வணங்குகிறார்கள் என்பதற்காகத் தம் ஆலயத்துப் படங்களை உடைத்த மார்சேய் ஆயர் செரினஸுக்கு அவர் எழுதியது வேறு தொனியில் இருந்தது: வணங்குவதைத் தடுத்தது சரி, உடைத்தது தவறு, ஏனெனில் எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்குப் படமே நூல். அடுத்த ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேற்கத்தியத் திருச்சபை உருவங்களைக் காப்பதற்கு இந்த விளக்கத்தையே பெரிதும் நாடியது. ஆயினும் காக்கும் அந்த வாதத்துக்குள்ளேயே ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. உருவம் நூலுக்கு மாற்று மட்டுமே என்றால், மக்கள் கையில் நூலே வந்துசேரும் நாளில் உருவத்துக்கு என்ன தேவை என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

அக்காலத்து நார்தம்பிரியக் கலைஞர்கள் அந்த வாதத்தின் எல்லைக்குள் அடங்கி நிற்கவில்லை. கி.பி. 700ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாகி, ஆயர் எயாட்ஃப்ரித் எழுதியதாக மரபு கூறும் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடியில், நற்செய்தி தொடங்கும் சொற்கள் பின்னலும் சுருளும் பறவைகளுமாகப் பெருகிப் பக்கம் முழுவதையும் நிறைக்கின்றன. அங்கே எழுத்தே தியானத்துக்குரிய உருவமாகிறது. தென்மேற்கு ஸ்காட்லாந்தின் ரத்வெல் சிற்றூரில் எட்டாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட, ஐந்து மீட்டருக்கும் அதிக உயரமுள்ள கற்சிலுவையின் விளிம்புகளில், ரூனிக் என்னும் பழைய ஜெர்மானிய எழுத்தில் சில கவிதை வரிகள் செதுக்கப்பட்டுள்ளன. கிறிஸ்துவைச் சுமந்த மரம் தன் அனுபவத்தைத் தானே சொல்வதாக அமைந்தவை அவை. தன்மையில் பேசும் கல்லைக் கல்லாதவரின் பாடநூல் என்று வகைப்படுத்துவது கடினம். பார்ப்பவரை எதிர்நோக்கி விளிக்கும் ஒருவரின் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது.

இடைக்கால இறையியலாளர்கள் இந்த இடர்ப்பாட்டை ஒரு வேறுபாட்டின் மூலம் தீர்க்க முயன்றனர்: உருவத்துக்குச் செலுத்தும் மதிப்பு உருவத்தில் தங்காமல் அதன் மூலப்பொருளைச் சென்றடைகிறது, இறைவனுக்குரிய ஆராதனை வேறு, புனிதர்க்குரிய வணக்கம் வேறு. பள்ளிகளில் தெளிவாக இருந்த இவ்வேறுபாடு ஊர்க் கோயிலில் அவ்வளவு தெளிவாக இல்லை. ஒவ்வொரு தேவாலயத்திலும் மக்கள் நிற்கும் கூடத்துக்கும் பலிபீடப் பகுதிக்கும் இடையே உயரத்தில், மரியாளும் யோவானும் இருபுறம் நிற்க, சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவின் பெரிய மரவுருவம் விளக்குகளோடு வீற்றிருந்தது. வால்சிங்காமின் மரியாளையும் கேன்டர்பரியில் தாமஸ் பெக்கட்டின் கல்லறையையும் நாடி யாத்திரிகர் திரண்டனர். ஓர் ஊரின் மரியாளைவிட இன்னோர் ஊரின் மரியாள் அதிகம் அருள்வாள் என்ற நம்பிக்கை நிலவியதென்றால், மதிப்பு மூலத்தைச் சென்றடையாமல் அந்தந்த மரத்திலும் கல்லிலும் தங்கியது என்றே பொருள். விக்ளிஃபின் வழிவந்த லொல்லார்டுகள் என்னும் சீர்திருத்தக் குழுவினர் 1395இல் வெளியிட்ட பன்னிரண்டு முடிவுகளில், உருவங்களுக்கான யாத்திரையும் காணிக்கையும் கண்டிக்கப்பட்டன; இறைவனின் உயிருள்ள சாயலான ஏழை பசித்திருக்கச் செத்த மரத்துக்குப் பொன் பூசுவதா என்பதே இவர்களது பிரசாரத்தின் சாரம். வில்டன் இரட்டைப் பலகை ஓவியத்தில், இரண்டாம் ரிச்சர்ட் அரசர் மரியாளின் முன் மண்டியிடும் காட்சி பொன்னும் விலையுயர்ந்த நீலமும் கொண்டு தீட்டப்பட்டதும் அதே ஆண்டுகளில்தான்.

எட்டாம் ஹென்றி 1534இல் ரோமிடமிருந்து விலகிய பின் நிகழ்ந்தவற்றில், கொள்ளையும் அரசியலும் கலந்திருந்தன என்பதில் ஐயமில்லை. மடங்களின் சொத்துகள் அரசுக்குத் தேவைப்பட்டன. ஆனால் ஆணைகளின் வாசகத்தைக் கவனித்தால் ஒரு மெய்யியல் சோதனையின் படிநிலைகளும் புலப்படும். 1538ஆம் ஆண்டின் ஆணை, எல்லா உருவங்களையும் அகற்றச் சொல்லவில்லை. யாத்திரையாலும் காணிக்கையாலும் தவறாகப் பயன்படுத்தப்பட்ட உருவங்களை மட்டுமே அகற்றச் சொன்னது, பிறவற்றைக் கல்லாதவரின் நூல்களாக விட்டுவைத்தது. ஒரே பட்டறையில் ஒரே மரத்தில் செய்த இரு உருவங்களில் ஒன்று விக்கிரகமாகவும் மற்றொன்று பாடமாகவும் ஆவது, அவற்றின் முன் மனிதர்கள் நடந்துகொண்ட விதத்தால்தான் என்பதை இந்த ஆணை ஏற்றுக்கொண்டது. ஆறாம் எட்வர்டின் காலத்தில் இந்த வேறுபாடு நிலைக்கவில்லை. எது தவறாகப் பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று ஊர்தோறும் சச்சரவு எழுந்ததால், 1548 பிப்ரவரியில் அரசவைக் குழு அனைத்து உருவங்களையும் அகற்றுமாறு கட்டளையிட்டது. மனிதரின் உள்ளத்து நிலையைச் சட்டம் அளக்க முடியாதபோது, கைக்கு எட்டும் பொருளே தண்டிக்கப்படுகிறது. 1550இன் நாடாளுமன்றச் சட்டமோ ஒரு விலக்கையும் சேர்த்தது: புனிதராகக் கருதப்படாத அரசர், பிரபுக்கள் முதலியோரின் கல்லறை உருவங்களைத் தொடக் கூடாது. இறந்தவரை நினைவுகூரும் உருவம் இருக்கலாம், அருள் வேண்டப்படும் உருவம் இருக்கலாகாது என்ற இந்தக் கோடு, பின்னாளில் பிரித்தானியச் சிற்பக்கலை எத்திசையில் வளரும் என்பதையே முன்கூட்டித் தீர்மானித்துவிட்டது.

உடைக்கப்பட்ட விதமும் கருத்துக்குரியது. 1349இல் முடிக்கப்பட்ட ஈலி பேராலயத்தின் மரியாள் சிற்றாலயத்தில், சுவரெங்கும் நிறைந்த சிற்பங்களின் தலைகள் துண்டிக்கப்பட்டுள்ளன; உடைகளின் மடிப்புகளும் இலைக் கோலங்களும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. நார்ஃபக், சஃபக் தேவாலயங்களின் மரத் தடுப்புகளில் வரிசையாகத் தீட்டப்பட்ட புனிதர்களின் முகங்களும் கண்களும் தேடித் தேடிச் சுரண்டப்பட்டுள்ளன. உள்நாட்டுப் போரின்போது, 1643, 1644ஆம் ஆண்டுகளில், வில்லியம் டவ்சிங் என்பவர் அதிகாரபூர்வ ஆணையுடன் கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபக்கிலும் இருநூறுக்கும் மேற்பட்ட தேவாலயங்களுக்குச் சென்று, உடைத்தவற்றை நாட்குறிப்பில் கணக்கெழுதி வைத்தார். வெறும் கல் என்று உண்மையிலேயே கருதுபவர் அதன் கண்களைத் தேடிச் சிதைக்க மாட்டார். கல்லுக்குப் பார்வை உண்டு என்ற அச்சம் உளியைப் பிடித்த கையிலும் இருந்தது. வணங்கியவரின் நம்பிக்கையைத் தலைகீழாகத் தாங்கியவரே உடைத்தவர் என்பதற்கு இந்த முகங்களைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்த முரண்பாடு அரண்மனையில் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. தேவாலயங்களில் சிலுவையுருவம் நின்ற உயரத்தில் அரசச் சின்னம் ஏற்றப்பட்டது. வெள்ளையடித்த சுவரில் பத்துக் கட்டளைகள் எழுதப்பட்டன. சீர்திருத்த அலையால் பேசல் நகரில் வேலை அருகிப்போனதால் 1526இல் லண்டன் வந்த ஹான்ஸ் ஹோல்பைன், பலிபீட ஓவியங்களுக்கு மாறாக அரசரையும் அமைச்சரையும் வணிகரையும் தீட்டினார். அவருக்குப் பின் உருவப்படமே ஆங்கில ஓவியத்தின் முதன்மை வடிவமாயிற்று. முதலாம் எலிசபெத்தின் படங்களில் தெய்விகக் கன்னியின் மரபுச் சின்னங்களே குடியேறின. 1591இல் தூக்கிலிடப்பட்ட வில்லியம் ஹாக்கெட் மீது சாட்டப்பட்ட குற்றங்களில், அரசியின் படத்தை இரும்பால் குத்தியதும் ஒன்று. புனிதரின் உருவத்தைச் சிதைப்பது இறைப்பணி, அரசியின் உருவத்தைச் சிதைப்பது இராசதுரோகம் என்று ஒரே அரசு கருதியதென்றால், சந்நிதி என்னும் எண்ணம் அழியவில்லை, இடம் மாறியது என்றே கொள்ள வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் சினம் தணிந்தது, தயக்கம் எஞ்சியது. வில்லியம் ஹோகார்த் 1756இல் பிரிஸ்டல் நகரின் புனித மரியாள் ரெட்கிளிஃப் ஆலயத்துக்குக் கிறிஸ்துவின் விண்ணேற்றத்தை மாபெரும் மூன்றலகு ஓவியமாகத் தீட்டினார். ஆனால் இத்தகைய வாய்ப்பு மிக அரிது. 1773இல் ஜோஷுவா ரெனால்ட்ஸும் அவருடைய சக ஓவியர்களும் லண்டன் புனித பவுல் பேராலயத்தை ஊதியமின்றி ஓவியங்களால் அலங்கரிக்க முன்வந்தபோது, அது கத்தோலிக்கத்துக்குத் திரும்புவதாகக் கருதப்படும் என்று லண்டன் ஆயர் ரிச்சர்ட் டெரிக் மறுத்துவிட்டார். ஆலயத்தின் கதவு அடைபட்டதால் சமய உணர்வு வெளியே வேறு இடம் தேடியது. இளம் வயதில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் பழைய கல்லறைகளை வரைந்து பயின்ற வில்லியம் பிளேக், விக்கிரகம் என்ற குற்றச்சாட்டையே திருப்பிப் போட்டார். உலகைக் கவராயத்தால் அளந்து சட்டம் விதிக்கும் அருவக் கடவுளே அவர் பார்வையில் விக்கிரகம், மனிதனின் கற்பனையே இறைமையின் இருப்பிடம். ஜான் ரஸ்கினோ, 1843இல் தொடங்கிய ‘மாடர்ன் பெயின்டர்ஸ்’ நூல்வரிசையில், மேகத்தையும் பாறையையும் உண்மையாகத் தீட்டுவது படைத்தவனின் எழுத்தை வாசிப்பதாகும் என்ற பொருளில் வாதிட்டார். கல்லாதவரின் நூல் என்ற கிரகோரியின் கருத்து, புனிதரின் உருவத்தை விட்டு நீங்கி நிலக்காட்சியில் புகுந்தது.

திருவுருவம் மீண்டும் துணிவாகத் தோன்றியபோது அது அதிர்ச்சியையே உண்டாக்கியது. ஜான் எவரெட் மில்லே, சிறுவன் இயேசுவை மரச்சுருள் சிதறிய தச்சுப் பட்டறையில் வைத்து வரைந்து 1850இல் காட்சிக்கு வைத்த படத்தை, எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் கடுமையாகச் சாடினார். இறைமகனின் குடும்பத்தை அவ்வளவு எளிய மனிதராகக் காட்டியதே அவருக்குப் பொறுக்கவில்லை. மாறாக, முட்புதர் மண்டிய கதவைக் கையில் விளக்குடன் தட்டும் கிறிஸ்துவை ஹோல்மன் ஹன்ட் வரைந்த ‘உலகின் ஒளி’ பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் பெரிய பிரதி 1905 முதல் 1907 வரை கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா எங்கும் கொண்டுசெல்லப்பட்டு, மக்கள் வரிசையில் நின்று கண்ட பின், 1908இல் புனித பவுல் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 1773இல் ஓவியர்களைத் திருப்பியனுப்பிய அதே ஆலயம், யாத்திரைக்கு நிகரான ஒரு பயணத்தை முடித்து வந்த படத்தை ஏற்றுக்கொண்டது.

இதே தலைமுறையில் வினா ஐரோப்பிய எல்லையைக் கடந்தது. முன்னர் சென்னைக் கலைப் பள்ளியை நடத்தியவரான இ. பி. ஹாவெல் 1910 ஜனவரியில் லண்டனில் இந்தியக் கலை பற்றி உரையாற்றியபோது, தலைமை வகித்த ஜார்ஜ் பேர்ட்வுட், சாவகத்துப் புத்தர் உருவம் ஒன்றை வேகவைத்த கொழுப்புப் பணியாரத்தோடு ஒப்பிட்டு இழித்துரைத்தார். அதனால் எழுந்த எதிர்ப்பில் இந்தியா சொசைட்டி என்னும் அமைப்பு பிறந்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஆனந்த குமாரசுவாமி, கொழும்பில் தமிழரான முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877இல் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். உருவம் இறைவனின் தோற்றப் படமும் அன்று, வெறும் அலங்காரமும் அன்று. சிற்பி தியானத்தில் கண்டதை வழிபடுவோர் தியானத்தில் மீட்டெடுப்பதற்கான துணை என்று அவர் விளக்கினார். அவருடைய விளக்கம் இந்தியக் கலைக்கு வழக்காடியதோடு நிற்கவில்லை. மூலப்பொருளும் உருவமும் ஒன்றெனக் குழப்பாமலும், உருவத்தை நூலின் மலிவான மாற்றாகத் தாழ்த்தாமலும் பேச முடியும் என்பதை இங்கிலாந்தின் இடைக்கால மரபுக்கும் நினைவூட்டியது.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, நார்தாம்ப்டன் புனித மத்தேயு ஆலயத்தின் குரு வால்ட்டர் ஹசி, ஹென்றி மூரிடம் மரியாளும் குழந்தையும் சேர்ந்த சிற்பமொன்றைக் கேட்டார். தாயையும் சேயையும் முன்பே பலமுறை செதுக்கியிருந்த மூர், சாதாரணத் தாயையும் இறையன்னையையும் எது வேறுபடுத்தும் என்று தெரியாமல் தயங்கினார்; அன்றாடத்துக்குச் சற்று அப்பால் நிற்கும் ஒரு கம்பீரத்தில் அவ்வேறுபாடு இருக்க வேண்டும் என்று முடிவுகண்டே 1944இல் சிலையை நிறைவு செய்தார். அதே 1944இல், கடவுள் நம்பிக்கையற்ற ஃபிரான்சிஸ் பேக்கன், சிலுவையடியில் நிற்பவர்களை அலறும் உயிரிகளாக மூன்று பலகைகளில் தீட்டினார். அங்கே சிலுவை எஞ்சியது, மீட்பு எஞ்சவில்லை. 1940 நவம்பரில் குண்டுவீச்சில் அழிந்த கவென்ட்ரி பேராலயத்தின் இடிபாடுகளை அப்படியே விட்டுவைத்து, அருகே எழுப்பிய புதிய ஆலயம் 1962இல் திருநிலைப்படுத்தப்பட்டபோது, கிறிஸ்துவின் உருவம், கிரகாம் சதர்லாந்து வடிவமைத்த, இருபது மீட்டருக்கும் அதிக உயரமான திரைச்சீலையாக, பலிபீடத்தின் பின்சுவர் முழுவதையும் நிறைத்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன் அகற்றப்பட்டது, சட்டத்தின் தடையோ பெரும் சச்சரவோ இன்றித் திரும்பி வந்தது.

ஆனால் இந்த அமைதியை வெற்றி என்று எளிதில் சொல்லிவிட இயலாது. அது அமைதியாக வர முடிந்ததற்கு ஒரு காரணம், உருவத்தைக் கலைப்பொருளாகப் பார்க்கும் மூன்றாவது மனநிலை அதற்குள் முற்றிலும் வேரூன்றிவிட்டது என்பதுதான். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஹின்டன் செயின்ட் மேரியின் முகமும் தேசியக் காட்சியகத்தில் வில்டன் ஓவியமும் பாதுகாப்பாக இருக்கின்றன, ஏனெனில் அவற்றின் முன் எவரும் விளக்கேற்றுவதில்லை, எவரும் உளியெடுப்பதுமில்லை. 1538இன் ஆணை எந்த உறவைத் துண்டிக்க முயன்றதோ அதைக் காட்சியகம் சினமின்றிச் செய்து முடித்துவிட்டது. இரு தரப்பும் தம்முள் உணர்ந்திருந்த ஓர் உண்மை இதில் நழுவிப்போகிறது. உடைத்தவரின் எச்சரிக்கையைக் கேளாத பக்தி, இறைவனை ஒரு பொருளுக்குள் அடைத்துவிடும் ஆபத்து உடையது. உடைத்தவரோ, வெறுமையை விரும்பிச் சுவரை வெண்மையாக்கியபோதும் அதை வெறுமையாக விட்டுவைக்க இயலாமல், அரசச் சின்னத்தையும் கட்டளை எழுத்தையும் அங்கே ஏற்றினார். பின் அரசியின் முகத்தையும், மலையையும் மேகத்தையும், இறுதியில் கலை என்னும் கருத்தையே அதே மதிப்போடு நிறுத்தினர் அவர் வழிவந்தோர். ஆகவே பிரித்தானியக் கலையின் நெடிய வரலாறு முன்வைக்கும் தெரிவு, உருவமா உருவமின்மையா என்பதாக இல்லை. மனிதர் எதையேனும் அந்த இடத்தில் நிறுத்தியே தீருவர் என்பதால், நிறுத்துவது எதை, அது சுட்டுவதற்கும் அதற்கும் இடையிலுள்ள தொலைவை மறவாமல் நிறுத்துகிறோமா என்பதே எஞ்சும் வினா. அதை ஆணையாலோ உளியாலோ ஒருமுறைக்குத் தீர்த்துவிட முடியாது, ஒவ்வொரு தலைமுறையும் தன் கையால் மறுபடி விடையளிக்க வேண்டியிருக்கிறது.